கட்டை கட்டிய வீரர்கள்

பேட்மேனுக்குக் கழுத்து திரும்பாது. 1989இல் வந்த படத்தில் மைக்கேல் கீட்டன் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் தோளோடு, இடுப்போடு மொத்த உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பார். பாப் ரிங்வுட் என்ற ஆங்கிலேயர் நுரை ரப்பரில் வடித்த சட்டை அது. முகமூடி கழுத்தோடும் தோளோடும் ஒட்டிக்கொண்டிருந்ததால் தலைக்கு மட்டும் தனி அசைவு கிடையாது. வடபழனியில் ஒரு டிரஸ் கம்பெனியில் நான் தையல் வேலை பார்த்த காலத்தில் அந்தப் படத்தை வீடியோ கேசட்டில் போட்டார்கள். கூட இருந்த பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் துரியோதனன் அப்படித்தான் திரும்புவான்.

எங்கள் ஊர் திருத்தணி. மலைமேல் முருகன், கீழே ரயில் நிலையம், வடக்கே கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா. இப்போது இங்கே வாடகைக்கு வேஷ உடை கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கு முருகன், வள்ளி, பாரதியார். கோயில் ஊர்வலத்துக்குக் காளி. கூத்து ஜமாக்காரர்கள் வந்தால் கிரீடத்துக்குக் கண்ணாடி ஒட்டித் தருவதும் உண்டு. நாலைந்து வருஷமாக ஸ்பைடர்மேன்தான் அதிகம் வாடகைக்குப் போகிறான். முருகன் இரண்டாமிடம். சொந்த ஊரிலேயே அவருக்கு இந்தக் கதி.

கூத்தில் கட்டை வேஷம் என்று ஒன்று உண்டு. எல்லாப் பாத்திரமும் கட்டை கட்ட முடியாது. துரியோதனன், துச்சாதனன், கர்ணன், அர்ச்சுனன் போன்ற பலசாலிகளுக்குத்தான் அந்த மரியாதை. கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கிக் கிரீடம், தோளுக்குப் புஜகீர்த்தி, மார்புக்குப் பதக்கம், காதுக்குக் கர்ணபத்திரம் என்று செய்வார்கள். அந்த மரத்துக்கு வைரம் பாயாது. இளசான கட்டை, உளிக்கு வெண்ணெய் மாதிரி இணங்கும், காய்ந்தபின் பாரமும் இராது. செதுக்கிய கட்டைமேல் கண்ணாடித் துண்டும் காக்காப்பொன்னும் வண்ணக் காகிதமும் ஒட்டுவார்கள். இடுப்பைச் சுற்றிப் பழைய புடவைகளை அடுக்கடுக்காகக் கட்டி, மேலே பாவாடையை விரித்துவிட்டால் மனிதன் அகலத்தில் இரண்டு மடங்காகிவிடுவான். காலில் சலங்கை. கிரீடத்தைக் கயிறுபோட்டு முகவாயோடு இறுக்கிக் கட்டியபின் தலையை மட்டும் வெடுக்கென்று திருப்பினால் அது நழுவும். ஆகவே கட்டை கட்டியவன் உடம்போடுதான் திரும்புவான், உடம்போடுதான் சுழல்வான். அந்தச் சுழற்சியில் பாவாடை குடையாக விரியும். சனம் வாயைப் பிளந்து பார்க்கும். உடை தந்த தடையை ஆட்டமாக்கிக்கொண்டார்கள்.

கீட்டனும் அதைத்தான் செய்தார். கழுத்து திரும்பாத மனிதன் ஏதோ பெரிய காரியத்தில் இருப்பவனைப் போலத் தெரிந்தான். பின்னால் 2008இல் ‘தி டார்க் நைட்’ படத்துக்கு லிண்டி ஹெமிங் புதுச் சட்டை வடிவமைத்தபோது, தலை திரும்ப வேண்டும் என்று நாயகனே கேட்பதாகக் கதையிலேயே வைத்தார்கள். நடிகருக்கு நிம்மதி. எனக்கென்னவோ பழைய விறைப்புதான் பிடித்திருந்தது.

இந்தக் கட்டை எந்த மாநிலத்துச் சொத்து என்று கேட்டால் எங்கள் ஊரில் பதில் சொல்வது கஷ்டம். திருத்தணி 1911 வரை வட ஆர்க்காட்டில் இருந்தது. அந்த வருஷம் சித்தூர் மாவட்டம் பிறந்ததும் அங்கே போனது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது அதோடு சேர்ந்துவிட்டது. ம.பொ.சி. முதலானவர்கள் போராடி, எல்லைத் தகராறில் படாஸ்கர் தீர்ப்பு வந்து, 1960 ஏப்ரல் 1ஆம் தேதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. முதலில் செங்கல்பட்டு மாவட்டம், 1997லிருந்து திருவள்ளூர். ஊர் அப்படியே இருக்க, மாவட்டம்தான் மாறிக்கொண்டிருந்தது. நகரி, புத்தூர்ப் பக்கம் தெலுங்கில் நடக்கும் வீதி நாடகத்திலும் இதே கிரீடம், இதே புஜகீர்த்தி. இங்கே தமிழில் கர்ண மோட்சம் ஆடுகிறவன் அங்கே போய்த் தெலுங்கில் ஆடுவான். பெட்டியில் இருக்கிற சாமான் ஒன்றுதான். இரண்டு பக்கமும் திரௌபதி அம்மன் கோயில்கள் இருக்கின்றன. பாரதம் படிப்பு, இரவுக் கூத்து, அர்ச்சுனன் தபசு, துரியோதனன் படுகளம், கடைசியில் தீமிதி. தீர்ப்பும் அளவைக்கல்லும் போட்ட கோடு வேஷப்பெட்டிக்குத் தெரியாது.

வேஷத்தின் ஒவ்வொரு அங்கத்துக்கும் காரணம் வெளிச்சம்தான். இதை எனக்குச் சொன்னது எங்கள் பெரியப்பா. அவர் கூத்துக்காரரில்லை, பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விட்டவர். விளக்கைக் கொண்டுபோய்க் கட்டி, விடிய விடிய காற்றடித்துக் கொடுத்துக்கொண்டே கூத்துப் பார்ப்பார். “அந்தக் கண்ணாடித் துண்டெல்லாம் அழகுக்குன்னு நினைச்சியாடா? பின்னாடி உக்காந்திருக்கிற கிழவிக்கு ராஜா எங்க நிக்கிறான்னு தெரியணும்” என்பார். அவருக்கு முந்திய காலத்தில் தீவட்டி. எண்ணெய் ஊற்றிய பந்தத்தின் ஆடுகிற சுடரில் முகம் பாதி இருட்டில் இருக்கும். அந்த அரைவெளிச்சத்தில் தெரிவதற்காகத்தான் துரியோதனனுக்கு முகம் முழுக்கச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை. கண்ணுக்கும் புருவத்துக்கும் தடித்த கோடு. கண்ணாடி ஒவ்வொன்றும் சுடரை வாங்கித் திருப்பி அடிக்கும். ஆள் அசைந்தால் தோளிலிருந்து பொறி பறப்பது போலிருக்கும். ட்யூப்லைட் வந்தது, பொறி போய்விட்டது. இப்போது எல்இடி வெளிச்சத்தில் அரிதாரத்தின் திட்டுத்திட்டான பூச்சுவரை தெரிகிறது. பகலில் மாட்டிய வேஷம் மாதிரி இருக்கிறது, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு.

அமெரிக்காக்காரனுக்கும் இதே தொல்லை இருந்தது. 1950களில் ஜார்ஜ் ரீவ்ஸ் நடித்த சூப்பர்மேன் தொலைக்காட்சித் தொடர் ஆரம்பத்தில் கறுப்பு வெள்ளை. நீலச் சட்டையும் சிவப்புப் போர்வையும் அந்தப் பிலிமில் ஒன்றோடொன்று கலந்து மங்கும். அதனால் பழுப்பும் சாம்பலுமாக வேறு சட்டை தைத்தார்கள். படப்பிடிப்பில் நேரில் பார்த்தவனுக்கு அவன் சூப்பர்மேனாகவே தெரிந்திருக்க மாட்டான். திரையில் பார்த்தவனுக்குத் தெரிந்தான், அது போதும். கறுப்பு வெள்ளைக் காலத்துப் புராணப் படங்களுக்குத் தைத்த பெரியவர்கள் நான் வேலை பார்த்த கம்பெனியில் அப்போதும் இருந்தார்கள். பட்டு என்ன நிறம் என்று கேட்பதைவிட ஜரிகை எவ்வளவு அகலம் என்று கேட்பதே அவர்கள் வழக்கம். சிவப்பும் பச்சையும் பிலிமில் ஒரே சாம்பலாக விழக்கூடும். ஜரிகை மட்டும் ஏமாற்றாது.

அந்தப் படங்களில் எனக்கு ஒன்றே ஒன்றைத்தான் பாடமாக வைக்கச் சொன்னால் ‘மாயா பஜார்’ என்பேன். 1957, கே.வி. ரெட்டி இயக்கம், வடபழனி விஜயா வாஹினி, தமிழிலும் தெலுங்கிலும். எங்கள் ஊருக்கு அதைவிடப் பொருத்தமான படம் கிடையாது; வீட்டில் பாதிப்பேர் ஒரு பாஷையில் பார்த்தால் மீதிப்பேர் இன்னொன்றில் பார்த்திருப்பார்கள். கோகலே, கலாதர் என்ற கலை இயக்குநர்கள் பாத்திரங்களின் உடையையும் நகையையும் முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். மார்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு. எஸ்.வி. ரங்காராவ் கடோத்கஜன். அவர் தோளைக் கவனித்துப் பாருங்கள். இயல்பாகவே பெரிய உடம்புதான், ஆனாலும் கிரீடமும் தோள் நகையும் கையிலிருக்கிற கதையும் சேர்ந்துதான் அவரை அரக்கனாக்குகின்றன. சாப்பாட்டுப் பாட்டில் லட்டு பறப்பது கேமரா தந்திரம். அதை நம்ப வைத்தது அந்தத் தோள். கூத்துக் கட்டையின் சூத்திரம்தான் அது: தோளை அகலமாக்கு, தலையை உயரமாக்கு, இடுப்புக்குக் கீழே குடை விரி. 2010இல் அந்தப் படத்துக்கு வண்ணம் ஏற்றி வெளியிட்டார்கள். நகையெல்லாம் மஞ்சளாகப் பளபளத்தது. எனக்கு மனம் ஒட்டவில்லை. சாம்பலுக்காக யோசித்து வரைந்ததற்கு மஞ்சள் பூசினால் எப்படி ஒட்டும்?

வண்ணம் வந்ததும் கணக்கு மாறியது. 1964இல் பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’, 1965இல் ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’, 1967இல் அவருடைய ‘கந்தன் கருணை’. இவற்றில் உடைக்கு முன்மாதிரி கூத்தல்ல, காலண்டர். கோவில்பட்டிக்கு நாடகக் கம்பெனித் திரை வரைய வந்து அங்கேயே தங்கிவிட்ட கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சான சாமி படங்கள் அதற்குள் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஏறியிருந்தன. அவற்றுக்கு முன்னால் ரவி வர்மா அச்சகத்துப் படங்கள். முருகன் என்றால் சின்ன வாய், பால் முகம், கூம்புக் கிரீடம், ரத்தினப் பதக்கம் என்று சனத்தின் மனதில் உறுதியாகிவிட்டது. ‘கந்தன் கருணை’யில் சிவகுமார் அப்படித்தான் வந்தார். சூரபத்மனாக வந்த அசோகனுக்கு மட்டும் கூத்தின் வாடை கொஞ்சம் மிச்சமிருந்தது. நல்லவனுக்குக் காலண்டர், கெட்டவனுக்குக் கட்டை என்று எப்படியோ பிரிந்துபோயிற்று. எனக்கு இதில் வருத்தம் உண்டு. கூத்தில் கர்ணனுக்கும் அர்ச்சுனனுக்கும் இருந்த தோள், சினிமாவில் அசுரனுக்கு மட்டும் வாய்த்தது.

சாண்டோ சின்னப்பா தேவரை விட்டுவிட்டுப் போக முடியாது. ஐரோப்பாவில் யூஜின் சாண்டோ என்று ஒரு பலசாலி இருந்தார். மேடையில் சங்கிலி அறுப்பார், தசையை முறுக்கிக் காட்டுவார். 1900களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கும் வந்து போனார். அவருக்குப் பிறகு நம் ஊரில் தேகப்பயிற்சி செய்தவர்களெல்லாம் பெயருக்கு முன்னால் சாண்டோ போட்டுக்கொண்டார்கள். 1938இல் சூப்பர்மேனை வரைந்த ஜோ ஷூஸ்டர், இறுக்கிப் பிடித்த உடைக்கு மேலே அரைக்கால் சட்டையைப் போட்டுவிட்டதும் இப்படிப்பட்ட சர்க்கஸ் பலசாலிகளைப் பார்த்துத்தான். ஜட்டியை வெளியே போட்டவன் என்று பிள்ளைகள் கேலி செய்கிற உடைக்கு அதுதான் மூலம். ஆக, அங்கே சாண்டோ வழி உடைக்குள் போனது. இங்கே சாண்டோ என்ற பட்டத்தைச் சுமந்த கோயம்புத்தூர்க்காரர் தேவர், முருகபக்தியில் ஊறியவர், படத் தயாரிப்பாளராகி 1969இல் ‘துணைவன்’ எடுத்துக் குட்டி ஸ்ரீதேவிக்கு முருகன் வேஷம் போட்டார். பலசாலியின் கண்ணுக்குப் பலம் ஒரு குழந்தையாகத் தெரிந்தது. சூப்பர்மேன் வழி அப்படிப் போகவில்லை.

குழந்தை வேஷம்தான் தையல்காரனுக்குச் சோதனை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்குத் தோள் கிடையாது. புஜகீர்த்தி சரிந்து முழங்கைக்கு வரும். கிரீடம் காதில் உட்கார்ந்து வலிக்கும், வலித்தால் அழும், அழுதால் மை கரையும். ஆகவே உள்பக்கம் ஸ்பான்ஞ் பட்டை, முன்பக்கம் கனம் குறைவான அட்டை, நாடாவைக் காதுக்குப் பின்னால் விட்டுக் கட்ட வேண்டும். கடையில் இன்றும் முருகன் கிரீடத்தை வயது கேட்டுத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

புராணப் படம் ஓய்ந்தபிறகு, தமிழ் சினிமா மறுபடி அதிசய வீரனுக்கு உடை தைக்க முயன்றபோது முருகனிடமே வந்தது, பெயரளவிலாவது. 2009இல் சுசி கணேசனின் ‘கந்தசாமி’. திருப்போரூர் முருகன் கோயில் மரத்தில் சனம் வேண்டுதலை எழுதிக் கட்டுகிறது. அதைச் சேவல் வேஷம் போட்ட ஒருவன் நிறைவேற்றுகிறான். விக்ரம் கொண்டையும் இறகுமாகக் கொக்கரித்தார். ஊரில் பலர் சிரித்தார்கள். நான் அந்த யோசனையை மதிக்கிறேன். சூரனைப் பிளந்து மயிலும் சேவலுமாக்கி, சேவலைக் கொடியில் ஏற்றியவன் முருகன் என்ற கதை தெரியாத தமிழன் கிடையாது. அந்தச் சேவலுக்கு வௌவாலைவிட அழுத்தமான காரணம் இருக்கிறது. உடையில்தான் குறை: கொண்டை வேறு, சட்டை வேறு என்று தனித்தனியாக நின்றன. அந்த வருஷம் பள்ளி ஆண்டு விழாவுக்குச் சேவல் வேஷம் கேட்டு வந்தவர்களுக்குக் கொண்டையையும் தோளையும் ஒரே சிவப்பு வெல்வெட்டில் தொடர்ச்சியாகத் தைத்துக் கொடுத்தேன்.

2011இல் ‘வேலாயுதம்’. பெயர் முருகனுடையது, உடையோ தலைமூடி போட்ட மேலங்கி. 2012இல் மிஷ்கினின் ‘முகமூடி’யில் ஜீவாவுக்கு இறுக்கமான வீரச்சட்டையும் முகமூடியும். இரண்டிலும் வேலை சுத்தம்தான். ஆனால் எங்கிருந்தோ வந்து இறங்கிய விருந்தாளி மாதிரி நின்றன. ஷங்கரின் ‘எந்திரன்’ (2010) வேறு வழியில் போனது: அந்த வேலை தெரிந்தவரையே ஹாலிவுட்டிலிருந்து வரவழைத்தார்கள். ரஜினி நடித்த ரோபோ சிட்டியின் உடையில் கை வைத்த மேரி வோக்ட், 1992இல் வந்த ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தில் மேலே சொன்ன பாப் ரிங்வுட்டோடு சேர்ந்து உடை வடிவமைத்தவர். மிஷெல் ஃபைஃபர் போட்ட தையல் தெரிகிற கறுப்புப் பூனைச் சட்டை அதில்தான். அந்தப் பூனையும் நம் சிட்டியும் ஒரே பட்டறை வழி. சிட்டி விறைப்பாக நடந்ததும், தலையையும் தோளையும் தனித்தனியாக வெட்டி வெட்டித் திருப்பியதும் ரஜினியின் கைங்கரியம். உடை அதற்கு இடம் கொடுத்தது.

2018இல் ‘பிளாக் பேந்தர்’ வந்தபோது நான் கொஞ்சம் பொருமினேன். ரூத் கார்ட்டர் என்ற அம்மா ஆப்பிரிக்கா முழுக்க யார் என்ன உடுத்துகிறார்கள் என்று தேடி, லெசோத்தோ நாட்டுக் கம்பளியைப் போர்வீரர்களுக்குப் போர்த்தி, சூலுப் பெண்களின் தொப்பி வடிவத்தை ராஜமாதாவின் கிரீடமாக்கி, மறுவருஷம் ஆஸ்கரும் வாங்கிவிட்டார். நம்மிடம் என்ன இல்லை? புரிசை இருக்கிறது, கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான் வாழ்ந்த ஊர். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் ராஜகோபாலும் ஹன்னா டி ப்ரூனும் வளர்த்த கட்டைக்கூத்துச் சங்கம் 1990லிருந்து இருக்கிறது. கோடம்பாக்கத்திலிருந்து காலையில் காரில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேரலாம். ஹாங்காங்குக்கும் லாஸ் ஏஞ்சல்சுக்கும் டிக்கெட் போடத் தெரிந்தவர்களுக்கு காஞ்சிபுரம் பஸ் தெரியவில்லை.

நான் பொருமியதற்குக் காரணம் இருக்கிறது: அதிசய வீரனின் உடை பற்றி யோசிக்க வேண்டியதையெல்லாம் இந்தப் பக்கத்தில் எப்போதோ யோசித்துவிட்டார்கள். கர்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்போடு பிறந்த கவசம். அது இருக்கும்வரை அவனைக் கொல்ல முடியாது. கேட்டவன் இந்திரன் என்று தெரிந்தும் அறுத்துக் கொடுக்கிறான். உடையைக் கழற்றுவதே கதையின் உச்சம். கந்த சஷ்டி கவசத்தைப் பாராயணம் செய்கிறவர்கள் தலையிலிருந்து பாதம்வரை உறுப்பு உறுப்பாகப் பெயர் சொல்லிக் காப்புக் கேட்கிறார்கள். அளவு எடுக்கிற தையல்காரனுக்கு அதைவிட முழுமையான பட்டியல் கிடைக்காது. விசேஷ நாளில் எங்கள் மலையில் சாமிக்குத் தங்கக் கவசம் சாத்துவதைப் பார்த்திருப்பீர்கள். தகட்டைத் தட்டி, உடம்பின் வளைவுக்கு ஏற்பப் பகுதி பகுதியாகச் செய்து பொருத்துவது. ஹாலிவுட்காரன் நடிகனின் உடம்பை அச்செடுத்துச் செய்கிற வேலையும் அதேதான். ஒரு வித்தியாசம், சாமிக்கு வியர்க்காது.

நடிகனுக்கு வியர்க்கும். ரப்பர் சட்டைக்குள் இருப்பவனுக்குக் காற்று கிடையாது; ஒண்ணுக்குப் போக நாலு பேர் உதவி வேண்டும். சித்திரை ராத்திரியில் கட்டை கட்டியவனும் அப்படித்தான். இரண்டு காட்சிக்கு நடுவே வேஷக் கொட்டகைக்குள் வந்து கிரீடக் கயிற்றை மட்டும் தளர்த்தி, சோடா குடித்து, நெற்றியில் பதிந்த தழும்பைத் துண்டால் ஒற்றிக்கொண்டு திரும்பப் போவான். தழும்பு காலையில்தான் மறையும். சிலருக்கு மறைவதே கிடையாது. அதைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் சொல்வோம்: இவர் ராஜவேஷக்காரர்.

போன தீமிதி முடிந்ததும் பள்ளிப்பட்டுப் பக்கத்து ஜமா வாத்தியார் ஒருவர் கடைக்கு வந்தார். ஸ்பைடர்மேன் சட்டையில் தோளுக்கு நான் வைக்கிற ஈவா ஷீட்டை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிள்ளைகளின் செருப்பு, விளையாட்டுப் பாய் செய்கிற அதே நுரை. சூடு காட்டினால் வளையும், வெட்டுக்கத்தியில் நறுக்கலாம், பெயின்ட் ஏற்கும். “அண்ணே, ஒரு செட் புஜகீர்த்தி இதுல செஞ்சு குடுங்க. சின்னப் பசங்க மரத்தைத் தூக்கமாட்டேங்குறானுங்க” என்றார். அவர் போன கையோடு, வழக்கமாகக் கட்டை செதுக்கித் தருகிற ஆசாரி போனில் பிடித்துக்கொண்டார். கனம் இல்லாவிட்டால் ஆட்டம் எங்கிருந்து வரும் என்பது அவர் கட்சி. தோள் லேசானால் பையன் தலையை மட்டும் திருப்ப ஆரம்பித்துவிடுவான், பிறகு அவனைச் சுற்ற வைக்கவே முடியாது என்கிறார். அவர் சொல்வதிலும் விஷயமிருக்கிறது. நுரைக்குள் கொஞ்சம் கனம் வைத்துச் செய்யலாமா என்று பார்க்கிறேன். கல்யாண முருங்கைச் சக்கையையே உள்ளே வைத்து, மேலே ஈவா ஒட்டி, கண்ணாடியைப் பழைய முறைப்படி கையால் பதித்து ஒரு தோள் மட்டும் முடித்திருக்கிறேன். இன்னொரு தோளுக்குக் கண்ணாடி வாங்கப் பாரிமுனை போக வேண்டும்.